வேலப்பன்சாவடியில் தைத்த பெயர்கள்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பளத்துக்குப் போட்ட கையெழுத்தும், துணிமேல் சாக்கட்டியால் போட்ட எண்களும்தான். அதனால் வாக்கியம் கோணலாகப் போகும். மறதியும் வந்துவிட்டது. நடந்தது நாலே நாள்; அதில் எது வெள்ளிக்கிழமை, எது சனிக்கிழமை என்று இப்போதே கலங்குகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணம் எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் வந்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். நான் போனது வேலப்பன்சாவடிக்கு. பருத்திப்பட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, அவ்வளவுதான். எழுதுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கிற தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை தைப்பேன். சட்டைப் பையின்மேல் மிஷினாலேயே பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுப்பேன். துணியை வளையத்தில் பூட்டி, ஊசிக்கு அடியில் கையால் நகர்த்தி நகர்த்தி எழுத வேண்டும். பேனாவைவிட எனக்கு அதில் எழுத்து நன்றாக வரும்.

எங்கள் பின் தெருவில் நந்தினி என்று ஒரு பெண். அவள் அப்பாவும் தொழிற்சாலைக்காரர்தான். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஒரு நாள் காலை மழையில் நனைந்துகொண்டு, கையில் ஒரு ஈரத் துணி மூட்டையோடு வந்து நின்றாள்.

"பெரிம்மா, ஊட்ல கீறியா? ஒரு ஹெல்ப்பு."

மூட்டையைப் பிரித்தாள். நீள வெள்ளைத் துணி. அதில் கறுப்பு பெயிண்டில் வரிசையாக ஏதோ எழுதியிருந்திருக்கிறார்கள். மழைபட்டு எல்லாம் ஒழுகி, ஒன்றோடு ஒன்று கலந்து, அடுப்புக்கரி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

"பேருங்க பெரிம்மா. செத்துப்போன பசங்க பேரு. ரெண்டு நாளா எழுதுனோம், ஒரே மழைல போச்சு. தெச்சா போவாதில்ல?"

போகாது என்றேன். எந்தப் பசங்க என்று கேட்டேன். சூடான் என்று ஒரு நாடு, ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அதில் டார்ஃபூர் என்று ஒரு பக்கம், அங்கே இன்ன இனத்தான் என்று பார்த்துப் பார்த்து ஊர் ஊராகக் கொல்கிறார்கள் என்றாள். இவள் வகுப்பில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி படிக்கிறாளாம். அவள் ஊரில் செத்த பிள்ளைகளின் பெயர்களைப் போனிலேயே கேட்டுக் கேட்டுச் சேர்த்திருக்கிறாள். அதைத் துணியில் எழுதிக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோகப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வந்துவிடும். முதல் ஊர் வேலூர்ப் பக்கம்.

"உனக்கு அங்க யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டேன். கேட்டது அசட்டுத்தனம்தான்.

"ஹவா கீறா பெரிம்மா. என் ஃப்ரெண்டு. போதாதா?"

முதல் நாள் என் மிஷினை ஏற்றிக்கொண்டு போனதே பெரிய கதை. மோட்டார் வைத்த மிஷின், கனம். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, கல்யாண சீரா? இத்த ஏத்துனா நாலு பேர எறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் நிற்கவே இல்லை. கடைசியில் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்காரர் நிறுத்தினார். காலி கேன்களுக்கு நடுவில் மிஷினைப் படுக்க வைத்து, கேன் உருளாமல் நந்தினி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏரிக்கரை ஓரம் வண்டி பள்ளத்தில் இறங்கினபோது ஒரு கேன் என் மடியில் வந்து உட்கார்ந்தது. வண்டிக்காரர் திரும்பி, "குழந்தைய கெட்டியா புட்ச்சுக்கோ ஆயா" என்றார். வேலப்பன்சாவடி வரைக்கும் அந்தக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனேன்.

நெடுஞ்சாலை ஓரம் கல்லூரி. ஐந்து மாடிக்குக் கண்ணாடி. எங்கள் தொழிற்சாலை வாசலைவிடப் பெரிய வாசல். உள்ளே உட்கார அனுமதி கிடைக்கவில்லையாம். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையைக் கொடுத்திருந்தார். ஷட்டரைத் தூக்கிவிட்டால் ரோட்டில் போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அங்கேதான் மிஷினைப் போட்டோம்.

அறைக்கு வெளியே ஒரு மேஜை. மேஜைமேல் கட்டுக் கட்டாகக் காகிதம். நம் அரசாங்கம் வாயைத் திறந்து இந்தக் கொலையை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், சாப்பாடும் மருந்தும் உள்ளே போக வழிசெய்யச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் ஓடி வருவதும், மணி அடித்தால் ஓடுவதுமாக இருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து விசாரித்தார். நான் மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இவர்களோ காகிதத்தைக் காட்டி, நிதானமாகப் பதில் சொல்லி, கடைசியில் அவருக்கு ஒரு நோட்டீசும் கொடுத்து அனுப்பினார்கள். முப்பது வருஷத்தில் சூப்பர்வைசரிடம் நான் அவ்வளவு வார்த்தை பேசியதில்லை.

சதீஷ் என்று ஒரு பையன் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து டீக்கடைக்காரருக்கு எரிச்சல்.

"மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள பூந்தா இங்க கேக்க நாதியில்ல. எங்கியோ கீற ஊருக்கு அழுவுறானுங்க."

"அண்ணாத்தே, போன மழைக்கு உன் ஊட்ல தண்ணி பூந்தப்போ பக்கெட் புட்ச்சது யாரு?"

"நீதான். அதுக்கு இன்னா இப்போ?"

"அப்போ நீ எனக்குச் சொந்தமா? சொல்லு பார்க்கலாம்."

டீக்கடைக்காரர் ஒரு கிளாஸை எடுத்து அலம்பினார். "டீ வேணுமா வேணாமா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஹவா வந்தாள். நல்ல உயரம். தலையோடு சுற்றிய மஞ்சள் துணி. நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, எடம் கீதும்மா!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸில் போய் வந்துதான் தமிழ் கற்றுக்கொண்டாளாம், அதனால் கண்டக்டர் பேசுவதுதான் வரும். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து எழுத்தும் கூட்டி வாசிப்பாளாம். உட்காருங்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள்.

பெயர்ப் பட்டியல் தாள்களை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எழுதியதைப் பார்த்து நந்தினி தமிழில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். பெயரையும் எண்ணையும் சேர்த்துத் தைக்க வேண்டும். "எண் வயசு பெரிம்மா" என்றாள் நந்தினி. நூற்றுக்கு மேல் இருந்தன. ஆறு வயதும் ஒன்பது வயதுமாகப் பார்த்துக்கொண்டே போனேன். என்னிடம் சட்டைக்குப் பெயர் தைக்க வருகிற வயது எல்லாம் அதில் இருந்தது.

ஹவா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நந்தினி தமிழில் சொன்னாள்: "அவளால இப்போ பார்க்க முடியாதாம். எல்லாம் முடிச்சப்புறம் ஒரேயடியா பார்க்கிறாளாம்." அப்படியே செய்தாள். அந்த மூன்று நாளும் அறைக்கு வந்தால் என் மிஷினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு போன் பேசுவாள். லைன் கிடைக்காது. மறுபடியும் போடுவாள்.

அவள் போனில் ஒரு படம் காட்டினாள். துப்பாக்கியோடு நாலைந்து பேர், பின்னால் எரிகிற வீடு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கண் முதலில் போனது அவர்கள் உடுப்பின் தோள்பட்டைத் தையலுக்கு. இரட்டைத் தையல், நல்ல கை. யாரோ ஒருத்தி எங்கேயோ ஒரு மிஷினில் உட்கார்ந்து தைத்தது. அதற்கப்புறம்தான் வீட்டைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் தனியாகவே போனேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், கூட்டம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். கண்டக்டர், "யக்கா, தூங்கினு வந்தியா?" என்றார். திரும்ப நடந்து வந்தேன். ரோடு பூராவும் தோண்டிப் போட்டிருந்தது. சேற்றில் ஒரு செருப்பு அறுந்தது. நல்ல வேளை, கையில் ஊசி நூல் இருந்தது. ஒரு ஆட்டோ நிழலில் உட்கார்ந்து அதையும் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்று பூராவும் தைத்தேன். சாக்கட்டியால் பெயரை வரைந்து, வளையத்தைப் பூட்டி, ஓட்டி, நூலை அறுத்து, அடுத்தது. பிள்ளைகள் துணி வெட்டினார்கள், இஸ்திரி போட்டார்கள், நூல் பிசிறு எடுத்தார்கள். யூசுப் ஏழு. மரியம் பத்து. இப்ராஹிம் நாலு. பெயர் தைக்கிறபோது நான் எப்போதும் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைப்பேன், இல்லாவிட்டால் எழுத்து கோணும். இந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாது. அதனால் என்னிடம் சட்டை தைத்த பிள்ளைகளின் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டேன். ஏழு வயது என்றால் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன்.

பத்து வரிக்கு ஒன்றாக, சில பெயர்களுக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தது.

தொழிற்சாலையில் எங்களுக்குக் காலையில் ஒரு சீட்டு வரும். இந்த அளவுச் சட்டை இத்தனை என்று அதில் இருக்கும். ஒரு அளவுக்கு நேரே பூஜ்யம் இருந்தால் அதற்குத் துணி வெட்டக் கூடாது, தாண்டி அடுத்த வரிக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் அப்படிப் போன கண். முதல் பூஜ்யத்தைப் பார்த்ததும் கை தானாகத் தாண்டிவிட்டது. இரண்டாவது வந்தபோது ஒரு கணம் யோசித்தேன். பெயர் இருக்கிறது, வயதுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இந்தப் பிள்ளை செத்துவிட்டது என்று முதலில் எழுதி, பிறகு உயிரோடு கிடைத்திருக்கும், கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று என் புத்தி சொன்னது. நந்தினியைக் கேட்டிருக்கலாம். அவள் வகுப்பில் இருந்தாள். ஹவா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பூஜ்யம் வந்தபோதும் எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. போகட்டும், ஒன்று பிழைத்தது என்று தாண்டினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையே.

மத்தியானம் ஹவா ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தாள். தானே செய்தது. மூடியைத் திறந்தால் களி! சோள மாவைக் கிளறி, உருட்டி, நடுவில் குழி பண்ணி, அதில் வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றியிருந்தாள். வெண்டைக்காயைக் காயவைத்துப் பொடித்து, கறியோடு சேர்த்த குழம்பு. நாங்கள் கேழ்வரகில் செய்வதை அவர்கள் சோளத்தில் செய்கிறார்கள், அதுதான் வித்தியாசம். அவளும் கையால்தான் சாப்பிட்டாள், என்னைப் போலவே விரல் நுனியில் களியை எடுத்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினாள். எத்தனையோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில், களியை மெல்லக் கூடாது என்று யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"நல்லா கீதா?" என்றாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். அவளிடம் நான் முதலில் பேசிய வார்த்தை அதுதான். அவளுக்குப் புரிந்து, பெரிதாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் தைப்பதெல்லாம் முடிந்தது. துண்டுகளைச் சேர்த்து ஒரே நீளத் துணியாக்கினேன். கீழ் ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைத்தேன். சதீஷ் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இவ்ளோ துணி உள்ள போவுது, வேஸ்ட்டு?" என்றான். பழக்கம் என்றேன். பள்ளிக்கூடப் பாவாடைக்கு அப்படித்தான் விடுவது. பிள்ளை வளர்ந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் கையெழுத்து மேஜையில் நானும் போட்டேன். தொழிற்சாலையை விட்ட பிறகு இவ்வளவு கவனமாக எங்கேயும் போட்டதில்லை. எனக்கு மேல் வரியில் டீக்கடைக்காரர் போட்டிருந்தார். யாரும் பார்க்காதபோது வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். கல்லூரிச் சுற்றுச்சுவர் ஓரம் கயிறு கட்டி, துணியை மாட்டினார்கள். முப்பது அடிக்கு மேல் இருக்கும். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல். காற்றில் மெல்ல அசைந்தது. நான் தைத்ததுதான், ஆனாலும் மொத்தமாக விரித்துப் பார்த்தது அப்போதுதான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்து படித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தாள். யாரும் செல்போனில் பேசவில்லை. அந்த ரோட்டில் லாரிச் சத்தம் எப்போதும் நிற்காது, அன்றைக்கும் நிற்கவில்லை. ஆனாலும் அவள் வாசித்தது எனக்குக் கேட்டது. படிக்கிற பிள்ளைகள், நாலு நாளில், யாருக்கும் யாரும் இல்லாத ஒரு இடத்தில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டார்களே என்று அப்படியே நின்றேன்.

பதினோரு மணி வாக்கில் ஹவா வந்தாள். முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக. சில பெயரில் விரல் நின்றது. ஒரு இடத்தில் நெற்றியைத் துணியில் வைத்துக்கொண்டாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. கடைசிப் பெயர் வரை வந்தாள். திரும்பி முதலுக்குப் போனாள். இரண்டாம் தடவை விரல் வேகமாக ஓடியது. தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தைத்தவளுக்குத் தெரியாதா, தையலைப் பார்க்கிற கண் எது, பெயரைத் தேடுகிற கண் எது என்று.

நந்தினியிடம் ஏதோ கேட்டாள். நந்தினி என்னிடம் வந்தாள்.

"பெரிம்மா, தஸ்னீம்னு ஒரு பேரு இருந்துச்சே. ரெண்டாவது தாள்ல. உட்டுப் போச்சா?"

"அதுக்கு நேரா பூஜ்யம் போட்டிருந்துச்சேம்மா."

"ஆமா."

"பூஜ்யம்னா துணி வெட்ட வேணாம்னுதானே?"

நந்தினி அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பெரிம்மா, அது வயசு. இன்னும் ஒரு வயசு ஆவல. அதுக்குத்தான் பூஜ்யம்."

நம் பக்கத்தில் யாரும் பூஜ்யம் வயது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாலு மாசக் குழந்தை என்போம், பல் முளைத்த குழந்தை என்போம். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றல்லவா அர்த்தம். தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தோம். பதினான்கு பெயர் தாண்டியிருந்தேன்.

ஹவா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நந்தினி போய்ச் சொன்னாள். ஹவா என்னிடம் வந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி அளவு காட்டினாள். அளவெடுத்தே பழகிய கண் எனக்கு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

"அவ அண்ணன் கொழந்த, பெரிம்மா" என்றாள் நந்தினி. "பேரு வெச்சதே இவதான். இங்கேந்து போன்ல."

பேர் வைத்தவள் என்றால் அத்தை. எங்கள் வீடுகளிலும் குழந்தை காதில் பேரைச் சொல்வது அத்தைதான். அந்த அத்தை முன்னால் நான் நிற்கிறேன், அவள் வைத்த பேரை வேண்டாம் என்று தாண்டிப் போனவள்.

ஏதாவது சொல்ல வேண்டும். "அந்தப் புள்ளைங்க எல்லாம் உசுரோட கெடச்சிடுச்சின்னு நெனச்சேம்மா. அதனாலதான் பேரு வேணாம்னு எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றேன். நந்தினி அதை அவளிடம் சொன்னாள். ஹவா கேட்டுவிட்டுத் துணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?"

"அப்போ ரெண்டு நாளு தஸ்னீம் உங்ககிட்ட உசுரோட இருந்துச்சான்னு கேக்கறா."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

வேன் நாலு மணிக்கு. துணி எல்லாம் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அந்த வெள்ளை கிடைக்கிற கடை மூடியிருக்கும். தனியாக ஒரு துண்டு சேர்க்கலாம் என்றான் சதீஷ். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒட்டுப் போட்டது மாதிரி ஓரத்தில் தொங்கும். அப்போதுதான் மடிப்பு ஞாபகம் வந்தது. நான் ஆள் கூட்டத்தில் சத்தமாகப் பேசினதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"துணிய எறக்குங்க. யாராச்சும் பிளேடு எடுத்துகினு வாங்க. கீழ மடிப்ப பிரிக்கணும்."

ஓடினார்கள். டீக்கடைக்காரர் தன் ஷேவிங் பிளேடையே கொண்டுவந்து கொடுத்தார். துணியின் நீளத்துக்கும் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். உள்ளே மடிந்திருந்த துணி இறங்கியது. எல்லாப் பெயருக்கும் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சாண் வெள்ளை. இஸ்திரி போட்டார்கள். மடித்த கோடு மட்டும் போகவில்லை. மேலே பெரிய பிள்ளைகள், கோட்டுக்குக் கீழே இந்தக் குழந்தைகள் என்று ஆயிற்று.

இந்தத் தடவை பூஜ்யம் தைக்க மாட்டேன் என்றேன். ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மாசம் என்று கேட்டுச் சொல் என்றேன். ஹவா முதுகைத் திருப்பவில்லை. என் மிஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்குப் போன் போட்டாள். அதிசயம், அன்றைக்கு ஒரு தடவை லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் குரல். ஹவா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அந்தக் குரல் மாதங்களைச் சொல்லிற்று. ஹவா அதை இங்கிலீஷில் சொல்ல, நந்தினி எங்கள் தமிழில் சொன்னாள். மூணு மாசம். எட்டு மாசம். அஞ்சு மாசம், பல்லு வரல. பல்லு வரல என்பதையும் தைத்தேன், சொன்னதைத் தைக்க வேண்டியதுதானே. நடுவில் லைன் அறுந்தது. மறுபடி வரவில்லை. மிச்சம் நாலு பேருக்கு மாசம் தெரியாமல் போயிற்று. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கைக்குழந்தை என்று தைத்தேன்.

தஸ்னீமைக் கடைசியாக வைத்திருந்தேன். "நாப்பத்தொரு நாளு" என்றாள் ஹவா. இதை அவளே தமிழில் சொன்னாள். எங்கிருந்து கற்றாள் என்று தெரியவில்லை. வளையத்தைப் பிடித்திருந்த என் கைமேல் அவள் கையையும் வைக்கச் சொன்னேன். இரண்டு பேருமாக நகர்த்தினோம். எழுத்து கொஞ்சம் கோணல்தான். பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணா, போலாம் ரைட்டு" என்றாள்.

வேன் நாலரைக்குத்தான் வந்தது. துணியை உருட்டி ஏற்றினார்கள். ஹவாவும் நந்தினியும் கூடப் போனார்கள். என் மிஷினுக்கு அதே தண்ணீர் கேன் வண்டிக்காரர் வந்தார். "இன்னா ஆயா, வந்த வேலை முடிஞ்சிச்சா?" என்றார். தெரியவில்லை என்றேன். ஏரிக்கரைப் பள்ளத்தில் இந்தத் தடவை வண்டியை மெதுவாக இறக்கினார்.

நடந்தது இதுதான். இதில் நாள், நேரம், ஊர் விவரம் எங்கேயாவது தப்பியிருக்கும். நந்தினியோ வேறு யாரோ பார்த்துத் திருத்திவிடுங்கள். அதைவிட இன்னொன்று. தொழிற்சாலையில் தைத்தவளே சரிபார்க்கக் கூடாது, வேறொரு கண் பார்க்க வேண்டும் என்று சட்டம். அன்றைக்கு அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. அந்தத் துணி உங்கள் ஊர்க் கல்லூரிக்கு வந்தால், பட்டியலும் கூடவே வரும். யாராவது ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். மடிப்புக் கோட்டுக்குக் கீழேயும் பாருங்கள். அந்த வரிசை தரையை ஒட்டி இருக்கும், குனிந்தால்தான் தெரியும்.